கேட்டுக்கு வெளியே நின்று சோறு ஊட்டிய அப்பா

இந்த நினைவு மலரின் முதல் பக்கத்தில், அப்பாவின் படத்துக்குக் கீழே, "தாயுமான தந்தை" என்று கொட்டை எழுத்தில் அச்சாகியிருக்கிறது. அது என் வேலை அல்ல. உறவினர்கள் கூடிப் பேசி, நான் வேலை விஷயமாக வெளியூர் போயிருந்த நேரம் பார்த்து அச்சகத்துக்கு அனுப்பிவிட்டார்கள். எனக்கு ஒதுக்கியது நான்கு பக்கம். குடும்பத்திலேயே அதிகம் வாயடிக்கிறவன் எழுதினால், நினைவுக் கூட்டத்துக்கு வந்தவர்கள் பிரியாணி வரும்வரை சிரித்துக்கொண்டிருப்பார்கள் என்று நினைத்திருக்கலாம். அந்த நான்கு பக்கத்தையும் நான் கோபப்படத்தான் பயன்படுத்தப் போகிறேன். எனக்குக் கோபப்படச் சரியாக வராது, நடுவில் பல்லிளித்துவிடுவேன். ஆனாலும் கோபம் கோபம்தான்.

அப்பா எனக்குத் தாயாக இருந்ததே இல்லை. தாய் எனக்குத் தனியாக இருக்கிறார். மஸ்கட்டில் ஒன்பது வருடம் நர்ஸாக வேலை பார்த்துத் திரும்பியவர், இப்போது பக்கத்து அறையிலிருந்து "இன்னும் எழுதி முடிக்கலியா" என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். அப்பா செய்ததெல்லாம் அப்பாவின் வேலை. பெற்ற பிள்ளையைக் குளிப்பாட்டி, சோறு ஊட்டி, பள்ளிக்கு அனுப்பினால் ஓர் ஆண் உடனே தாயாகிவிட வேண்டுமா? அப்படியென்றால் தந்தை என்பவருக்கு என்ன வேலைதான் வைத்திருக்கிறீர்கள்? செய்தித்தாள் படிப்பதா?

அப்பா பிறந்தது குரோம்பேட்டையில். தாத்தா தோல் பதனிடும் ஆலையில் வேலை பார்த்தவர். மூத்தவர் அத்தை, அடுத்து அப்பா. பத்தாம் வகுப்போடு படிப்பு நின்றுபோய், லாரியில் கிளீனராக ஏறி, ஓட்டுநராக இறங்கினார். தாம்பரத்தில் ஒரு நர்சிங் ஹோமில் வேலை பார்த்துக்கொண்டிருந்த அம்மாவை மணந்ததும் நெடுந்தூர லாரியை விட்டுவிட்டு, தாம்பரத்துக்கும் மேடவாக்கத்துக்கும் இடையே ஷேர் ஆட்டோ ஓட்ட ஆரம்பித்தார்.

எனக்கு இரண்டரை வயதானபோது அம்மாவுக்கு மஸ்கட்டில் வேலை கிடைத்தது. போவதா வேண்டாமா என்று ஒரு வாரம் அழுதாராம். "நீ போ. சமைக்க எனக்குத் தெரியும்" என்று அப்பா சொன்னார். அது பொய். அன்றைய தேதியில் அப்பாவுக்குத் தெரிந்த சமையல் டீ.

ஆனால் கற்றுக்கொண்டார். நான் எல்.கே.ஜி.யில் சேர்ந்தபோது திங்கள், புதன், வெள்ளி பருப்பு சாதம்; செவ்வாய், வியாழன் ரசம் சாதமும் அவித்த முட்டையும் என்று சட்டம் போட்டிருந்தார். காலையில் என்னைக் குழாயடியில் நிற்கவைத்துத் தேய்ப்பார். வண்டி கழுவுகிற அதே தீவிரம். தலைக்கு எண்ணெய் வைத்து, எலாஸ்டிக் டையை மாட்டி, ஆட்டோவின் முன்சீட்டில் தன் பக்கத்தில் உட்காரவைத்து, முதல் சவாரிக்கு முன்னால் பள்ளியில் இறக்கிவிடுவார். மூன்று மணிக்குத் திரும்ப ஏற்றிக்கொள்வார். வீட்டுப்பாடம் ஓடுகிற வண்டியில். என் கையெழுத்தைப் பார்த்து முகம் சுளிக்கும் நண்பர்களுக்கு ஒரு வார்த்தை: அதற்குக் காரணம் நான் அல்ல, ராஜகீழ்ப்பாக்கத்து வேகத்தடை.

குறையே இல்லாத மனிதர் என்று சொல்ல மாட்டேன். முன்கோபம் உண்டு, மறதியும் உண்டு. ஒரு நாள் என்னை மேடவாக்கம் ஸ்டாண்டில் ரோஸ்மில்க் குடிக்கவிட்டு, பயணிகளை மட்டும் எண்ணி ஏற்றிக்கொண்டு கிளம்பிவிட்டார். செம்பாக்கம் வந்த பிறகுதான் யாரோ "தம்பி எங்கண்ணா" என்று கேட்டிருக்கிறார்கள். வண்டியை ஆட்களோடு திருப்பிக்கொண்டு வந்தார். நான் இரண்டாவது ரோஸ்மில்க்கில் இருந்தேன். இது இதுவரை அத்தைக்குத் தெரியாது. இப்போது தெரிந்துவிட்டது.

இனி என் கோபத்துக்கு வருகிறேன்.

கேம்ப் ரோட்டைத் தாண்டி இருந்த அந்தப் பள்ளியில் ஒரு வழக்கம். மதியம் பன்னிரண்டு மணிக்கு மணி அடித்ததும் சின்ன வகுப்புப் பிள்ளைகளின் அம்மாக்கள் சூடான சாப்பாட்டோடு உள்ளே வருவார்கள். சைக்கிள் ஷெட்டில் பாய் விரித்து, மடியில் உட்காரவைத்து ஊட்டிவிட்டுப் போவார்கள். அப்பாவும் வந்தார். காக்கிச் சட்டை, தோளில் துண்டு, கையில் டிபன் டப்பா. முப்பது நாற்பது பெண்கள் நடுவில் ஒரே ஓர் ஆண். நான்கு நாள்தான். ஐந்தாம் நாள் தலைமை ஆசிரியை அப்பாவை அழைத்து, லேடீஸ் உட்காரும் இடம், சிலர் சங்கடப்படுகிறார்கள் என்று சொன்னார். அந்தச் சங்கடத்தை நான் குறை சொல்லவில்லை. கால் நீட்டி உட்கார்ந்து பிள்ளைக்கு ஊட்டுகிற இடத்தில் ஓர் ஆட்டோக்காரர் வந்து நின்றால் கூச்சம்தான். ஷெட்டின் ஒரு மூலையைக் கொடுத்திருக்கலாம், வராந்தாவில் ஓர் ஓரம் கொடுத்திருக்கலாம். அவர் சொன்னது வேறு.

"பாட்டி, அத்தை, சித்தி, யாராவது ஒரு லேடீஸை அனுப்புங்க."

"அவனுக்கு நான்தான் மேடம் இருக்கேன்."

"அப்ப வேலைக்கு ஒரு அம்மாவ வச்சு அனுப்புங்களேன். அலோ பண்றோம்."

கூலிக்கு வைத்த ஆள் உள்ளே வரலாம். பெற்றவர் வரக் கூடாது. இத்தனை வருடம் கழித்து எழுதும்போதும் எனக்குக் கை சூடாகிறது.

அப்பா சண்டை போடவில்லை. முன்கோபக்காரர் அன்று ஏன் பொறுத்தார் என்று பிறகு கேட்டேன். சண்டை போட்டால் சீட்டைக் கிழித்துவிடுவார்கள், உனக்கு ஏபிசிடி யார் சொல்லிக் கொடுப்பது என்றார். மறுநாளிலிருந்து கேட்டுக்கு வெளியே நின்றார்.

கம்பிக் கேட்டு. உள்பக்கம் வாட்ச்மேன் தன் ஸ்டூலை எனக்குக் கொடுத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வார். நான் அதில் ராஜா மாதிரி உட்கார்ந்திருப்பேன். வெளியே அப்பா உச்சி வெயிலில், பக்கத்தில் அவருடைய பன்னிரண்டு மணி சவாரி, அதில் காத்திருக்கும் பயணிகள். தட்டு கம்பிக்குள் நுழையாது. கை நுழையும், ஆனால் கடிகாரம் இடிக்கும். அதனால் கடிகாரத்தைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு, கம்பி இடைவெளிக்குத் தக்கபடி உருண்டை பிடித்து உள்ளே நீட்டுவார். ஒரு முறை ஸ்கூட்டரில் போன பெரியவர் ஒருவர் வண்டியை நிறுத்தி, "ஏன்யா, சின்னப் பையன் சோத்தப் போய் புடுங்கித் திங்கறியே" என்று அப்பாவை வைதுவிட்டுப் போனார். அப்பா அடுத்த உருண்டையைப் பிடித்தார்.

நான் சமர்த்தாகச் சாப்பிட்டிருந்தால் அவர் வெயிலில் ஐந்து நிமிடம் நின்றாலே போதுமாயிருந்திருக்கும். நான் கன்னத்தில் அடக்கிக்கொண்டு வேடிக்கை பார்க்கிற ரகம். அதற்கு அப்பா ஒரு வழி கண்டுபிடித்தார். ஒவ்வோர் உருண்டையும் ஒரு ஸ்டாப்பிங். வாயைத் திற, இது கேம்ப் ரோடு. விழுங்கு, இது ராஜகீழ்ப்பாக்கம். அடுத்து செம்பாக்கம், சந்தோஷபுரம், வேங்கைவாசல். மேடவாக்கம் வந்தால் இறங்கிவிடலாம். முட்டை உள்ள நாளென்றால் நான் இறங்க மாட்டேன். பள்ளிக்கரணை தாண்டி வேளச்சேரி வரைக்கும் போவேன். ஆட்டோவுக்குள் இருப்பவர்கள் "இப்ப எங்கண்ணா வந்துகினு கீறீங்க" என்று கேட்பார்கள். "செம்பாக்கம்" என்பார் அப்பா. சிலர் இறங்கி வேறு வண்டி பிடிப்பார்கள். அந்த நேரத்துச் சவாரிக்கென்றே வந்து ஏறுபவர்களும் இருந்தார்கள்.

இந்த முறையில் ஒரு பின்விளைவு இருந்தது. யு.கே.ஜி. படிக்கும்போது சபையில் ஞாயிறு பள்ளி ஆண்டு விழா. மனப்பாட வசனம் சொல்ல என்னை மேடையில் ஏற்றினார்கள். வசனத்தை அப்பா வாரம் முழுக்க வண்டியில் சொல்லிக் கொடுத்திருந்தார். எனக்கும் தெரிந்துதான் இருந்தது. ஆனால் எதிரே உட்கார்ந்திருந்த டீச்சர், "வாயத் திற, கண்ணா" என்றார். வாயைத் திற என்றால் எனக்கு ஒன்றுதான் தெரியும். கண்ணை மூடி, வாயை அகலமாகத் திறந்து, "கேம்ப் ரோடு" என்றேன். விழுங்கினேன். "ராஜகீழ்ப்பாக்கம்" என்றேன். வேளச்சேரி வரை நிறுத்தாமல் போய்விட்டுத்தான் கண்ணைத் திறந்தேன். சபையே சிரித்தது. போதகர் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் பரிசு கிடைக்கும் என்று காத்திருந்தேன்.

சிரிக்காதவர் அத்தை ஒருவர்தான்.

அன்று மதியமே பல்லாவரத்தில் அத்தை வீட்டில் கூட்டம். பெரியவர்கள் ஒன்பது பேர். பையன் ஆட்டோ ஸ்டாண்டுப் பிள்ளையாக வளர்கிறான், ஆண்பிள்ளைக்குப் பிள்ளை வளர்க்கத் தெரியாது, பெண்டாட்டி சம்பாத்தியத்தில் இருந்துகொண்டு இவன் கம்பிக்கு வெளியே பிச்சைக்காரன் மாதிரி நிற்கிறான் என்று ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். இரண்டு முடிவுதான் இருப்பதாகச் சொன்னார்கள்: ஒன்று, அம்மா வேலையை விட்டுவிட்டு வர வேண்டும், இல்லை, நான் அத்தை வீட்டுக்குப் போக வேண்டும். அப்பா "புள்ளைய நான் தர மாட்டேன்கா" என்று மட்டும் சொல்லிவிட்டு என்னைத் தூக்கிக்கொண்டு எழுந்து வந்துவிட்டார்.

அத்தை விடவில்லை. மஸ்கட்டுக்குப் போன் போட்டார். "உன் புள்ள இளைச்சு துரும்பாயிட்டான். தெருவுல நின்னு சாப்பிடறான். என் தம்பிக்குச் சொல்லாம வா, வந்து உன் கண்ணால பாரு" என்றார்.

அம்மா இருபது நாள் விடுப்பில் வந்தார். அப்பாவுக்குத் தெரியாது. மீனம்பாக்கத்தில் இறங்கி, பெட்டியை அத்தை வீட்டில் போட்டுவிட்டு, மதியம் தனியாகப் பள்ளிக்கு வந்தார். அதற்குப் பிறகு நடந்தது அம்மா சொல்லி எனக்குத் தெரியும்; நான் அப்போது கம்பிக்கு உள்ளே ராஜகீழ்ப்பாக்கத்தில் இருந்தேன்.

எதிரில் அப்பாவின் முதுகைப் பார்த்ததும் அம்மா கேட்டுப் பக்கம் போகவில்லை. ஓரமாக நின்ற அப்பாவின் ஆட்டோவிலேயே ஏறி உட்கார்ந்துவிட்டார். உள்ளே தனலட்சுமி அக்கா இருந்தார். கேம்ப் ரோட்டில் மீன் விற்றுவிட்டு, வெறும் கூடையோடு தினமும் அந்தச் சவாரியில் திரும்புகிறவர். அம்மா யாரென்று அவருக்குத் தெரியாது.

"கொஞ்சம் நேரம் ஆவும்மா. டிரைவரு புள்ளைக்கு சோறு ஊட்டிக்கினு கீறாரு. அவசரம்னா வேற வண்டில போயிடு."

அம்மா, அந்தப் பையனுக்கு அம்மா இல்லையா என்று கேட்டிருக்கிறார்.

"கீறாங்க. வெளிநாட்டுல வேல. அது சம்பாரிக்குது, இது சோறு ஊட்டுது. யாருக்கு இன்னா நஷ்டம்? இந்த இஸ்கூல்காரங்களுக்குத்தான் பேஜாரா கீது. பெத்த அப்பன உள்ள வுட மாட்றாங்க." அப்புறம் குரலைத் தணித்து, "அந்தம்மா குடுத்து வச்சவங்க. எங்கூட்டு ஆளு எம்புள்ளைக்கு ஒரு நாளு தண்ணி மோந்து குடுத்தது கிடையாது" என்றார்.

அப்பா கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு திரும்பி வந்தார். ஆட்டோவில் அம்மா. அப்பா முதலில் கேட்ட கேள்வி, "யாருக்கு என்ன ஆச்சு" என்பது. அம்மா, "எறங்க வேண்டியவங்க அவங்கவங்க எடத்துல எறங்கட்டும், மொதல்ல வண்டிய எடுங்க" என்றார். தனலட்சுமி அக்கா விஷயம் புரிந்து மேடவாக்கம் வரை வாயை மூடிக்கொண்டார். அவர் வாழ்க்கையில் அது ஒரு சாதனை.

அந்த ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் கூட்டம். அதே ஒன்பது பேர். அம்மா அழுதுகொண்டே மகனை அத்தையிடம் ஒப்படைப்பார், அல்லது வேலையை விடுவதாக எழுதிக் கொடுப்பார் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். அம்மா எழுந்து, "அண்ணி, நான் இவரு ஒருத்தர நம்பித்தான் போனேன். ஒம்போது பேர நம்பிப் போகல. புள்ள இவர்கிட்டதான் இருப்பான். நானும் திரும்பிப் போகத்தான் போறேன்" என்றார். சாப்பிடாமலே எழுந்து வந்தோம். அன்று அங்கே கோழிக்குழம்பு. எனக்கு அந்த வருத்தம் மட்டும் தனியாக உண்டு.

பள்ளிக்கும் போனார் அம்மா. தலைமை ஆசிரியை மலர்ந்த முகத்தோடு, "நீங்க வந்துட்டீங்க இல்ல, இனிமே உள்ளயே வந்து ஊட்டலாம்" என்றார். "எனக்கு இருபது நாள்தான் லீவு மேடம். அதுக்கப்புறமும் அவனுக்குப் பசிக்கும்" என்றார் அம்மா. அந்தக் கேட்டு திறந்ததா என்று கேட்பீர்கள். திறக்கவில்லை. கடைசிவரை திறக்கவில்லை. அம்மாவும் அந்த இருபது நாளில் ஒரு நாள்கூட உள்ளே போகவில்லை. அப்பாவுக்குப் பக்கத்தில் வெளியே நின்று குடை பிடித்தார். நான் இரண்டாம் வகுப்பில் சொந்தக் கையால் சாப்பிடப் பழகும்வரை அப்பா அங்கேதான் நின்றார்.

பிறகு அம்மா நிரந்தரமாகத் திரும்பி வந்தார். அப்பா ஆட்டோவை விற்று வேன் வாங்கினார். நான் பொறியியல் படித்தேன் என்று சொல்லிக்கொள்கிறேன். அரியர் தாள்கள் வேறு சொல்லும். ஒவ்வோர் அரியருக்கும் அப்பா திட்டினார். ஒரு முறைகூட, உன்னை நான் அப்படியெல்லாம் வளர்த்தேனே என்று ஆரம்பித்ததில்லை.

போன வருடம் நெஞ்சுவலி என்று குரோம்பேட்டையில் ஒரு மருத்துவமனையில் சேர்த்தோம். இப்படிப்பட்ட கட்டுரையில் இந்த இடத்தில் மகன் அப்பாவுக்கு ஊட்ட வேண்டும். பத்தாம் நாள் நானும் இட்லியைப் பிட்டுக்கொண்டு போனேன். "கைய எடு. எனக்குக் கை இருக்குதில்ல" என்றார். மூன்று இட்லியும் அவரே சாப்பிட்டார். சட்னி தண்ணீராக இருப்பதாக நர்ஸிடம் புகார் சொன்னார். அன்று மாலை அமைதியாகக் கண்மூடினார். அவருக்கு ஐம்பத்தொன்பது வயது.

அந்த நாட்களில் துணை நின்ற மருத்துவர்களுக்கும் செவிலியருக்கும், சபையாருக்கும், இரத்தம் கொடுக்க வரிசையில் நின்ற தாம்பரம் ஸ்டாண்டு ஓட்டுநர்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. ஸ்டூல் கொடுத்த வாட்ச்மேன் ஐயா எங்கே இருக்கிறார் என்று தெரியவில்லை. எங்கிருந்தாலும் அவருக்கு வணக்கம். அந்த மதியச் சவாரியில் பொறுமையாக வியர்த்த பயணிகள் அத்தனை பேருக்கும் நன்றி. தனலட்சுமி அக்காவுக்கு நன்றி சொன்னால் திட்டுவார். அடக்கத்தன்று அவர்தான் எல்லோரையும்விடச் சத்தமாக அழுதார். அத்தைக்கும் நன்றி உண்டு. அப்பா படுத்திருந்த பத்து நாளும் பல்லாவரத்திலிருந்து கஞ்சி வந்தது. அத்தைக்குத் தம்பி மேல் உயிர். அதை நான் மறுக்கவில்லை. அதனால்தான் கோபமும் அதிகம்.

இந்த மலருக்காக விவரம் கேட்டபோது, போன மாதம் அம்மா எனக்கு ஒன்று சொன்னார். அந்த இரண்டாவது கூட்டம் முடிந்து வீட்டுக்கு வந்த பிறகு, அப்பா சமையலறை வாசலில் நின்றுகொண்டு, "அக்கா சொல்றது நெஜமா? பையன் இளைச்சிட்டானா? நீ நர்ஸு, உனக்குத் தெரியும். மறைக்காம சொல்லு" என்று கேட்டாராம். அம்மா இல்லை என்றார். அப்பா நம்பவில்லை. அம்மா விமானம் ஏறிய அடுத்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து, ஆராதனை முடிந்ததும் என்னைத் தாம்பரம் ரயில் நிலையத்துக்குக் கூட்டிக்கொண்டு போக ஆரம்பித்தார். அங்கே பிளாட்பாரத்தில் கலர் விளக்கு சுற்றும் எடை மெஷின் ஒன்று இருந்தது. காசு போட்டால் எடை அச்சான அட்டை விழும். எனக்கு விளக்கு வேடிக்கை காட்டத்தான் கூட்டிப் போகிறார் என்று இத்தனை வருடமும் நினைத்திருந்தேன். எத்தனை நண்பர்களிடம் பெருமையடித்திருக்கிறேன். அட்டையை எடுத்துப் பார்த்துவிட்டு, பக்கத்து எஸ்.டி.டி. பூத்திலிருந்து மஸ்கட்டுக்குப் போன் செய்து எடையைச் சொல்வாராம். ஒரு வாரமும் தவறியதில்லை. எனக்குக் காய்ச்சல் வந்து அரைக் கிலோ குறைந்த வாரம், போனில் அழுதிருக்கிறார்.

அப்பா அழுது நான் பார்த்ததில்லை. அந்தக் கேட்டு அவரை அழவைக்கவில்லை. பிச்சைக்காரன் என்ற பேச்சு அழவைக்கவில்லை. இளைச்சிட்டான் என்ற ஒரு வார்த்தை அவரை வருடக்கணக்கில் பிளாட்பாரம் ஏறவைத்திருக்கிறது.

அத்தை, உங்களிடம் ஒன்று கேட்கிறேன். படத்துக்குக் கீழே போட்ட பட்டத்தை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், மாற்றச் சொல்லவில்லை. கூட்டத்தன்று அப்பாவின் படத்துக்குப் பக்கத்தில் நான் நிற்பேன். தேட வேண்டாம், தொண்ணூற்றாறு கிலோ, தூரத்திலிருந்தே தெரிவேன். முழங்கால் வலியைப் பொறுத்துக்கொண்டு மெதுவாக வாருங்கள். என்னை மேலும் கீழும் நன்றாக ஒரு முறை பாருங்கள். பிறகு அவர் பக்கம் திரும்பி, எல்லோர் காதிலும் விழும்படி, "தம்பி, பையன் இளைக்கல" என்று ஒரே ஒரு தடவை சொல்லிவிடுங்கள்.